வடக்கு வேலியோரத்து மரங்கள்

ஃபெர்கஸும் நோலீனும் கல்யாணம் செய்துகொண்டபோது இருவருமே அறுபதைத் தாண்டியிருந்தார்கள். நானும் நோலீனும் ஒரே டெப்போவில் பேருந்து ஓட்டியவர்கள். அதனால் அந்தக் கதை ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

ஃபெர்கஸ் வீடுகளுக்கு விலை மதிப்பவர். நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள எங்கள் டனீடின் நகரத்தில் அவர் ஏறி இறங்காத வீடு குறைவு. அவர் ஒரு விலை சொன்னால் வங்கிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தினமும் நோலீனின் பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அந்த மஞ்ச வீடு இருக்கே, அடிக்கட்டை எல்லாம் உளுத்துப்போச்சு" என்பார். அடுத்த நிறுத்தத்தில், "இந்த வீட்டுக்கூரை இன்னும் ரெண்டு மழை தாங்காது" என்பார். புருஷனை இழந்து தனியாக இருந்த நோலீன், ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "ஒரு வீட்டப் பத்தியாவது நல்ல வார்த்த சொல்லுங்களேன், அடுத்த நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் இல்லாமலே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவர் யோசித்து யோசித்து, கடைசி நிறுத்தத்தில்தான் ஒன்றைச் சொன்னார். அங்கிருந்து ஆரம்பித்ததுதான்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நோலீனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரிலுள்ள வீட்டுக்கெல்லாம் விலை சொன்ன மனிதருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. ஒவ்வொரு தடவை வாங்கப் போகும்போதும் அந்த வீட்டின் குறையெல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டுவிடும். "கேக்குற விலை அதிகம்" என்று திரும்பி வந்துவிடுவார். வாடகை வீடுகளிலேயே தலை நரைத்துவிட்டது.

"இனிமே வாடகை கெடையாது," என்றாள் நோலீன். "என் வீட்ட வித்த காசு இருக்கு, உன் சேமிப்பு இருக்கு. இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள ஒரு வீடு."

"குளிர்காலத்துலதான் வீடு பாக்கணும்," என்றார் ஃபெர்கஸ், சந்தோஷமாக. "வெயில் காலத்துல எல்லா வீடும் பொய் சொல்லும்."

சனிக்கிழமைதோறும் கிளம்பினார்கள். அவர் கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் கோலிக்குண்டைத் தரையில் வைப்பார். அது உருண்டால் முகம் சுருங்கும். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். வீட்டுக்கடியில் ஊர்ந்து போய், வீட்டைத் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தியிருக்கும் மரத் தாங்குகட்டைகளைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பார். உறைபனி விழுந்த காலையாக இருந்தால் தெருவில் நின்று கூரைகளைத்தான் பார்ப்பார். எந்தக் கூரையில் பனி சீக்கிரம் உருகுகிறதோ, அந்த வீட்டுக்காரன் ஆகாயத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

"ஆட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி இருக்கு, நீ பண்றது," என்று நோலீன் முணுமுணுப்பாள். வீட்டுத் தரகர்கள் அவர் தலையைக் கண்டதுமே முகத்தை இறக்கிக்கொள்வார்கள். ஒன்றும் அமையவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் எங்கள் பள்ளத்தாக்கின் நடுவே ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. வெள்ளை மரப்பலகை வீடு. உயரமான கூரை, முன்னால் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சன்னல். நோலீன் அடுக்களைக்குள் போனவள் திரும்பி வரவேயில்லை. நீளமான மர மேசை, சுவரோடு சுவராக அடுப்பு, நான்கு பேர் நின்று சமைத்தாலும் இடிக்காத இடம். ஃபெர்கஸ் கோலிக்குண்டை வைத்தார். அது வைத்த இடத்தில் நின்றது. அடியில் போய் வந்தவர், முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "கட்டையெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நோலீன் கேட்டதில்லை.

"அப்ப என்ன கொறை?"

அவர் சன்னலைக் காட்டினார். பிற்பகல் தொடங்கியே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் வடக்குப் பக்கத்துப் புல்வெளியில் காலைப்பனி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வடக்குப் பக்கம்தான் உயிர். வெயில் வருவது அங்கிருந்துதான். அந்த வீட்டின் வடக்கு வேலிக்கு அப்பால், பக்கத்து நிலத்தில், கோட்டைச் சுவர் மாதிரி, குளிர்காலத்திலும் இலையுதிராத சைப்ரஸ் மரங்கள் நின்றன.

"ஐஸ் பெட்டி," என்றார் ஃபெர்கஸ். "அதான் இந்த விலைக்கு வருது. வெயில் மட்டும் இருந்தா இன்னும் எண்பதாயிரம் டாலர் சேத்துக் குடுக்கலாம்."

தரகர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்ட மட்டும் பேசிடாதீங்க. ஏவிஸ்னு பேரு. கறிக்கடை வெச்சிருந்தவங்க. முன்னால இங்க இருந்தவருக்கும் அவங்களுக்கும் பெரிய சண்டை. இப்ப விக்கிறவங்க அந்தப் பக்கம் தலையக்கூடத் திருப்பறதில்ல."

விற்பவர்கள் ஹேமி, ஷோனா என்ற இளம் தம்பதி. ஹேமிக்குத் துறைமுகத்தில் மரக்கட்டை ஏற்றும் வேலை. அவர்களுடைய சின்னப் பெண் மேசி குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருந்ததால், டிமாருவில் இருக்கும் ஷோனாவின் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார்கள்.

நோலீனுக்கு அந்த அடுக்களை மனதை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை தனியாக அந்தத் தெருவுக்குப் போனாள். காலையிலாவது கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சைப்ரஸ் மரங்களின் ஓரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு மிக அருகில் ஒரு குரல் கேட்டது.

"என்னத்தத் தேடறே? பறக்கும் தட்டா?"

வேலிக்கு மேலே ஒரு தலை. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கையில் கோழித்தீவனக் கிண்ணம். நோலீனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "வெயிலத் தேடறேன். இந்த வீட்ட வாங்கலாமான்னு பாக்கறோம்."

"வாங்காத. ஈரம். என் மரத்தாலதான்," என்றாள் ஏவிஸ். "உள்ள வா, தேத்தண்ணி போடறேன். அங்க நின்னா வெறச்சுப் போயிருவ."

ஏவிஸின் வீட்டுக்குள் வெயில் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிய சீஸ் ரோலைச் சூடுபண்ணி, வெண்ணெய் வழிய வழிய எடுத்து வைத்தாள். அரைமணி நேரம் கோழிகளைப் பற்றியும், முழங்காலைப் பற்றியும், நோலீன் ஓட்டிய பேருந்துகளைப் பற்றியும் பேசினார்கள். அப்புறம் நோலீன் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மரங்க உங்களுக்கு ரொம்பப் புடிக்குமோ?"

"யாருக்கு? எனக்கா? சனியன். கூரைத் தண்ணி போற பீலி முழுக்க அது கொட்டற குப்பதான். காத்தடிச்சா எம்மேல விழுந்துருமோன்னு பயமா இருக்கு."

"அப்ப ஏன் வெச்சிருக்கீங்க?"

ஏவிஸ் தேநீர்க் கோப்பையை மேசைமேல் ஓங்கி வைத்தாள். "முன்னாடி இருந்தவன் ஒருநாள் விடியக்காலம் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வேலி ஏறிக் குதிச்சு வாளால அறுக்க ஆரம்பிச்சுட்டான். நான் ராத்திரி உடுப்போட வெளிய வந்து நிக்கறேன், 'உள்ள போ கெழவி'ங்கறான். அன்னைக்கு முடிவு பண்ணேன். ஒரு குச்சிகூட வெட்டமாட்டேன்னு."

"அவருதான் போயிட்டாரே."

"போயிட்டான். இந்தப் புள்ளைங்க வந்தாங்க. வந்து மூணு வருஷமாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. என்னைப் பாத்தா கொழந்தையத் தூக்கிட்டு உள்ள ஓடறாங்க." தேநீரை ஒரு வாய் குடித்தாள். "யாராச்சும் மரியாதையா வந்து கேட்டிருந்தா, என்னைக்கோ வெட்டியிருப்பேன். நீ வந்தா வெட்டிடறேன், போ."

நோலீன் அன்றைக்கு வீட்டுக்குப் பறந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டைக் கழற்றாமலே ஃபெர்கஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "ஐஸ் பெட்டி விலைக்கு வெயில் வீடு, ஃபெர்கஸ்! எப்படி?"

ஃபெர்கஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"மரம் போகப் போவுதுன்னு."

நோலீன் கோட்டைக் கழற்றி மாட்டினாள். மாட்டுவதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள். "அவங்க கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நாம யாரையும் ஏமாத்தல."

"இல்லதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"நான் இத்தன வருஷமா ஒரே ஒரு வேலதான் செஞ்சேன். ஒரு வீட்டப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் சேத்து ஒரு விலை சொல்றது. பாதிய முழுங்கிட்டுச் சொன்னதில்ல."

"நீ இப்ப யாருக்கும் வேல செய்யல. வாங்க வந்த ஆளு."

"அதுவும் சரிதான்."

"சரின்னா விடு."

"விட்டாச்சு," என்றார் ஃபெர்கஸ். ஆனால் விட்டவர் மாதிரித் தெரியவில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார், அதை அப்படியே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தடவினார். தட்டில் ரொட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. நோலீன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அந்த அடுக்களை மேசையில் யார் யார் எங்கே உட்கார்வது என்பதுவரை அவள் தீர்மானித்திருந்தாள்.

விலையை எழுதிக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை பிற்பகல் போனார்கள். தரகர் வந்து சேரவில்லை. ஷோனாவே கதவைத் திறந்தாள். இடுப்பில் மேசி, கம்பளித் தொப்பிக்குள் முகம் பாதி மறைந்திருந்தது. ஹேமி விறகடுப்பில் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க வாங்க. நீங்கதான் வாங்கப் போறீங்கன்னா சில விஷயம் சொல்லிடறேன்," என்றாள் ஷோனா. "இந்தச் சுவரோரமா கட்டிலப் போடாதீங்க. ஆகஸ்ட்ல பூஞ்சக்காளான் வரும். தொடச்சா போயிரும், ஆனா திரும்ப வரும்."

"ஷோனா," என்றான் ஹேமி அடுப்பிலிருந்து.

"அலமாரியில தோல் செருப்பு வெக்காதீங்க. பச்சையாயிடும். குளியலறை சன்னல ஒரு விரக்கட தெறந்தே வெச்சிருக்கணும்."

"ஷோனா, நாம வீட்ட விக்கிறோம். புகார் குடுக்கல."

"அவங்க வயசானவங்க, ஹேமி. நெஞ்சுல சளி கட்டிக்கிட்டா?" அவள் நோலீனைப் பார்த்துத் திரும்பினாள். "நல்ல வீடுதாங்க. அடுக்களைய நாங்களே செஞ்சோம். இந்த மேசை ஹேமி பண்ணினது, துறைமுகத்துல ஒதுக்கிப் போட்ட கட்டையில. இத டிமாருவுக்குக் கொண்டுபோக முடியாது, எங்கம்மா வீட்ல எடமில்ல. உங்களுக்கே விட்டுட்டுப் போறோம். நல்லா இருங்க."

நோலீன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபெர்கஸ் அவளைப் பார்க்கவேயில்லை. சுவரில் இருந்த ஒரு ஆணியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அவள் என்னிடம் சொன்னாள்: "அந்தப் பொண்ணு மட்டும் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தா போதும். 'ஈரமெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு. நான் சந்தோஷமா வாயை மூடிட்டு இருந்திருப்பேன்."

"பக்கத்து வீட்டம்மாகிட்ட எப்பவாச்சும் பேசிருக்கீங்களா?" என்று கேட்டாள் நோலீன்.

ஹேமியும் ஷோனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கறிவெட்டற கத்தியோட வருவாங்கன்னு சொன்னாங்க," என்றான் ஹேமி.

"கத்தியில்ல. சீஸ் ரோலோட வருவாங்க," என்றாள் நோலீன். "செருப்பப் போடுங்க. கொழந்தையும் வரட்டும்."

ஐந்து பேரும் வரிசையாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு ஏவிஸின் வாசலுக்குப் போனார்கள். கதவைத் திறந்த ஏவிஸ், ஹேமியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஆறடி உயரம், தோள் அகலம். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான்.

"வழி கண்டுபுடிக்க மூணு வருஷம் ஆச்சாக்கும்?"

"மன்னிச்சுக்குங்க. நாங்க... நீங்க கோவக்காரங்கன்னு..."

"கோவக்காரிதான். யாரு இல்லன்னா?" அவள் பார்வை மேசிமேல் விழுந்தது. மேசி அவளையே பார்த்து, ரொம்பத் தீவிரமாக இருமினாள். "ஏன் கண்ணு, இப்படி இருமற? என் மரமா பண்ணுது இத?"

ஏவிஸ் கதவை அகலமாகத் திறந்தாள். "உள்ள வாங்க எல்லாரும். வெயில் போறதுக்குள்ள உக்காருங்க. யாரு வெட்டப் போறா? எனக்கு ஆளு தெரியாது, செலவும் நான் பண்ணமாட்டேன்."

"நான் வெட்டறேன்," என்றான் ஹேமி. "என் கூட்டாளிக்கு அதுதான் வேலை. வர்ற சனிக்கிழமையே வெட்டிடறோம்."

தேநீர் ஆறுவதற்குள் ஷோனா ஃபெர்கஸிடம் திரும்பினாள். "நீங்க விலை மதிக்கறவர்னு தரகர் சொன்னாரு. மரம் இல்லன்னா எங்க வீடு என்ன பெறும்?"

ஃபெர்கஸ் சொன்னார். ஒரு டாலர் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஹேமி மெல்ல விசிலடித்தான்.

"எனக்கு விலை வேணாம், ஹேமி," என்றாள் ஷோனா. "எனக்கு எங்கம்மா வீட்டுக்குப் போகவே புடிக்கல."

"எனக்கு மட்டும் புடிச்சுதா?" என்றான் ஹேமி. "உங்கம்மா என்னை வாசல்லயே பூட்ஸைக் கழுவச் சொல்வாங்க." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே சட்டென்று நினைவு வந்து நோலீனைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சங்கடத்தைப் பார்க்க அவளாலேயே தாங்க முடியவில்லை.

"எங்களப் பாக்காதீங்க," என்றாள். "இவரு எப்படியும் ஏதாச்சும் ஒரு கொறை கண்டுபுடிச்சிருப்பாரு."

காரில் திரும்பினார்கள். பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்கு வந்ததும், "எனக்கு அந்த அடுக்களை வேணும், ஃபெர்கஸ்," என்றாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியும்."

"நீயாவது என்னைத் தடுத்திருக்கலாம்."

"நானா? உன்னையா?" ஃபெர்கஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கைக்குட்டையைத் தேடி, சட்டைப்பையிலிருந்து முதலில் கோலிக்குண்டையும் அப்புறம் கைக்குட்டையையும் எடுத்துக் கொடுத்தார். "உன் பஸ்ஸுல ஏறின நாள்லயிருந்து உனக்கு நான் போட்ட மதிப்பு ஒருநாளும் தப்பாகல," என்றார். அவரளவில் அது காதல் பேச்சு. நோலீன் மூக்கைச் சிந்திக்கொண்டு, எதிர்க் கடையில் மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' இரண்டு வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தார். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனாலும் ஒரு வாரம் அவள் சிடுசிடுப்பாகத்தான் இருந்தாள். டெப்போவில் என்மேலேயே இரண்டு தடவை எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை மரங்கள் விழுந்தன. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசி மரம் சாய்ந்தபோது ஷோனாவின் வீட்டு முன்னறைக்குள் வெயில் நுழைந்து சுவர்வரைக்கும் போனது. மேசி அந்த வெளிச்சத்தின் நடுவே போய் நின்று தன் நிழலைப் பார்த்துப் பயந்து அழுதாள். ஏவிஸ்தான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீடு பார்க்கும் முறையை நோலீன் மாற்றிவிட்டாள். முதலில் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவாள். ஃபெர்கஸ் தெருவில் கைகட்டி நிற்பார். "நீ மண்ணுக்கடியில போய்க் குத்திப் பாக்கறல்ல, நான் மேல குத்திப் பாக்கறேன்" என்பாள். ஒரு வீட்டை, வலது பக்கத்தவர் நல்லவர், இடது பக்கத்தவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்பைப் என்ற ஊதல் வாத்தியம் பழகுகிறார் என்பதால் விட்டார்கள். இன்னொன்றை, இரண்டு பக்கத்தவரும் நல்லவர்கள், ஆனால் தாங்குகட்டைகள் மாவாகிவிட்டன என்பதால் விட்டார்கள்.

செப்டம்பரில் பள்ளத்தாக்கின் மேல்பக்கச் சரிவில் ஒரு செங்கல் வீடு அகப்பட்டது. பார்க்க அழகில்லை. குளியலறை முழுக்க இளஞ்சிவப்பு ஓடு. அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் முதுகு இன்னொருவர் மேல் இடிக்கும். ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து மலைக்குப் பின்னால் இறங்கும்வரை வெயில் அந்த வீட்டை விடுவதில்லை. பக்கத்து வீட்டில் தேனீ வளர்க்கும் ஒரு தம்பதி, இன்னொரு பக்கம் பேசவே பேசாத ஒரு தச்சர். ஃபெர்கஸ் வீட்டைச் சுற்றி வந்து குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நோலீன் பாதியில் நிறுத்தினாள்.

"வாங்கலாமா, வேணாமா?"

"கேக்குற விலை கொஞ்சம் அதிகம்."

"எவ்வளவு அதிகம்?"

அவர் மறுபடியும் வீட்டைப் பார்த்தார். அடுக்களையைப் பார்த்தார். அதற்குள் அவள் நின்றுகொண்டு, இடிக்குமா இடிக்காதா என்று முழங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாங்கற அளவுதான்," என்றார்.

குடிபோன நாளில் உதவிக்கு ஹேமியும் ஷோனாவும் வந்தார்கள். மேசி இருமவில்லை, அதற்குப் பதிலாகப் பேசிக்கொண்டே இருந்தாள். ஏவிஸ் ஒரு மடக்கு நாற்காலியைத் தெருவோரம் போட்டு உட்கார்ந்து, எந்தப் பெட்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டாள். நோலீனின் பழைய சோபாவின் ஒரு முனையை ஹேமி தூக்கினான், இன்னொரு முனையை நான். சரிவில் மூச்சு வாங்க ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் வைத்துத் தள்ளினோம். போகவில்லை. சாய்த்துத் தள்ளினோம். தலைகீழாக்கித் தள்ளினோம். பின்வாசலிலும் அதே கதைதான்.

"வீட்டுக்கடியில அவ்வளவு நேரம் இருந்தியே," என்றாள் நோலீன் ஃபெர்கஸிடம், "வாசல அளந்தியா?"

ஃபெர்கஸ் வாசலைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். வீடுகளுக்கு விலை மதித்த நாற்பது வருஷத்தில் அவர் முகம் இப்படிச் சிவந்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"வாசல யாரு அளப்பா?" என்றார்.

பேசாத தச்சர் வேலிக்கு அப்பாலிருந்து முதன்முறையாக வாய் திறந்தார். "சன்னல் சட்டத்தக் கழட்டினா போயிரும். சாப்பிட்டுட்டு வந்து கழட்டித் தரேன்."

அதுவரை சோபாவைத் தோட்டத்துப் புல்வெளியிலேயே இறக்கி வைத்தோம். ஷோனா ஸ்கோன் என்ற குட்டி ரொட்டிகளும் ஜாமும் கொண்டுவந்தாள். ஏவிஸ் மேலே ஏறி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பக்கம் நோலீன், இன்னொரு பக்கம் ஃபெர்கஸ், அவர் மடியில் மேசி. நாங்கள் மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்தோம். தச்சர் சாப்பிட்டு முடித்துச் சுத்தியலும் உளியுமாக வந்து நின்றபோது, நோலீன் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, "அவசரமில்லீங்க, நீங்களும் உக்காருங்க," என்றாள்.